பதினாறு பிட் அக்கா

ஐம்பத்திரண்டு வயதுக்காரியைப் "பதினாறு" என்று கூப்பிட்டால் யாருக்கும் உள்ளூரக் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். ஆனால் லிஃப்ட் பட்டறையில் அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளுடைய இளமையை நினைத்து வைக்கவில்லை. பிடிவாதத்தை நினைத்து வைத்தார்கள். எதிரில் "அக்கா", முதுகுக்குப் பின்னால் "பதினாறு", யாருக்காவது ரொம்பக் கோபம் வந்துவிட்டால் "பதினாறு பிட்". மூன்றும் அவளுக்குத் தெரியும். மூன்றுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

பட்டறை இரண்டு மாடிக் கட்டடம். லிஃப்டுக்கு மூளையாக இருக்கும் கன்ட்ரோல் பேனலைச் செய்து ஊரெங்கும் மாட்டுகிறவர்கள், தங்கள் கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட் வைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டுப் படி. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே ஏறினால் ஜன்னலோரம் அவளுடைய மேசை. இரண்டு கம்ப்யூட்டர் திரை, சாலிடரிங் அயர்ன், சீவி வைத்த ஐந்து பென்சில், கோடு போடாத தாள் கட்டு, சுருள் கம்பி வைத்த பழைய தொலைபேசி. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் அந்தத் தொலைபேசியை எடுத்துப்போட அவள் விடவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுத அதுதான் தோது என்பாள்.

அவள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பேனலுக்குள் வைக்கிற ப்ராசசரை இனிமேல் செய்வதில்லை என்று அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். முதலாளி அன்று பட்டறைக்குள் வந்த முகத்தைப் பார்த்து, யாரோ போய்விட்டார்கள் என்றே எல்லாரும் எழுந்து நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் அவள் மட்டும் உட்கார்ந்து, "நாமே ஒண்ணு செஞ்சுக்கிட்டா என்ன?" என்றாள். ப்ராசசரை வீட்டில் செய்கிற பலகாரம் மாதிரி பேசுகிறாளே என்று முதலாளி நினைத்திருப்பார். ஆனால் உள்ளே நமக்கு வேண்டியபடி இணைப்புகளை அமைத்துக்கொள்ள இடம்கொடுக்கும் ஒருவகை சிப் அப்போதே கடைக்கு வந்துவிட்டது. ஒன்பது மாதத்தில் அதற்குள் ஒரு குட்டி ப்ராசசரை வரைந்து முடித்தாள். "பிரசவக் கணக்குதான்" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். வரைந்ததைப் பூட்டியும் வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டுவிட்டாள். எங்கோ ஒருவர் அதை நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வைத்தார், இன்னொருவர் தறியில் வைத்தார். பார்த்தே இராத மனிதர்கள் நன்றி எழுதினார்கள். அந்தக் கடிதங்களை அவள் அழிப்பதே இல்லை.

அந்த ப்ராசசரில்தான் பதினாறு வந்தது. ப்ராசசர் என்பது சொன்னதை மட்டும் செய்கிற ஜடம். ஒவ்வொரு கட்டளையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வரிசை, அந்த வரிசையில் எத்தனை கட்டம் என்பதுதான் கட்டளையின் அகலம். கட்டத்துக்குப் பெயர் பிட். விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதக் கட்டம் போட்டிருப்பார்களே, அதே சங்கதிதான். கட்டம் குறைந்தால் தாள் மிச்சம், ஆனால் நீளப் பெயர்க்காரர் பாடு திண்டாட்டம். கட்டம் கூடினால் எல்லார் பெயரும் அடங்கும், ஆனால் பாதிப் பேருக்குப் பாதிக் கட்டம் சும்மா கிடக்கும். அன்றைய சிப்புக்குள் இருந்த நினைவகம் கைக்குட்டை அளவு. முப்பத்திரண்டு பிட் கட்டளைகள் என்றால் லிஃப்ட் புரோகிராம் அதில் உட்காராது. பதினாறு என்றால் உட்காரும். பதினாறு என்று வைத்தாள். அன்றைக்கு அது சரியான முடிவு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது, இந்தக் கதையும் சொல்லவில்லை.

பதினாறில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. பேனல் நெற்றியில் சிவப்பு எழுத்தில் நாலு இலக்கம் காட்டும் சின்னத் திரை உண்டு. நாலு பிட்டுக்கு ஒரு இலக்கம் வீதம் எழுதுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே பதினாறு பிட் கட்டளை ஒன்று அந்தத் திரையில் கச்சிதமாக அடங்கும். லிஃப்ட் எங்காவது மக்கர் செய்து நின்றால், கடைசியாக ஓடிய இருபது கட்டளைகளைப் பேனல் ஞாபகம் வைத்திருக்கும். மெக்கானிக் மேலே போய்ப் பட்டனை அமுக்க அமுக்க, ஒவ்வொன்றாகத் திரையில் வரும். அவர் தொலைபேசியில் படிப்பார், அவள் தாளில் எழுதுவாள். எழுதி முடிப்பதற்குள் கோளாறு எங்கே என்று அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

ஒரே சிக்கல், இலக்கம் ஒன்பதோடு முடியாது. ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஆறு எழுத்து வரும். இரைச்சல் போடும் மோட்டார் பக்கத்தில் நின்று "பி" என்றால் அது டியா, சியா, ஈயா என்று கடவுளுக்கே தெரியாது. ஒருமுறை பி என்பதை டி என்று எழுதிக்கொண்டு, நன்றாக இருந்த மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மெக்கானிக்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்துக்கு எழுத்து ஒரு சொந்தக்காரர். ஏ-க்கு அத்தை. பி-க்குப் பெரியப்பா. சி-க்குச் சித்தி. டி-க்கு உறவில் ஆள் கிடைக்கவில்லை, "டாக்டர் மாப்பிள்ளை" என்று வைத்தார்கள், வாழ்க்கையில் அமையாவிட்டாலும் பட்டியலிலாவது இருக்கட்டும் என்று. நாளடைவில் மாப்பிள்ளை கழன்று டாக்டர் மட்டும் நின்றார். ஈ-க்கு எதிர்வீடு. எஃப்-க்கு ஃபிரண்டு.

"மூணு, அத்தை, அத்தை, ஏழு."

"அடுத்து."

"ஒன்பது, சித்தி, சைபர், டாக்டர்."

"அடுத்து."

சரியாக எழுதிக்கொண்டேன் என்பதற்கு அவள் சொல்லும் ஒரே சொல் அந்த "அடுத்து". ஒரு குடியிருப்பில் மெக்கானிக் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சித்தி ரெண்டு பேர், பெரியப்பா மூணு பேர், ஃபிரண்டு ஒருத்தரா? சின்னக் கல்யாணம்தான் போலிருக்கு" என்றாராம்.

கல்யாணம் என்று பெரியவர் சொன்னது பலித்துவிட்டது. இரண்டு வருஷம் இப்படி நாலு நாலு இலக்கமாகப் படித்தும் எழுதியும் பழகிய இருவரும் நேரில் பார்த்தது மொத்தம் மூன்று தடவை. ஒருநாள் இருபதாவது கட்டளையும் முடிந்த பிறகு மெக்கானிக் போனை வைக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். மிஷின்ல இல்லாதது."

"கேளுங்க."

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அந்தப் பக்கம் மோட்டார் இரைந்துகொண்டே இருந்தது. "அடுத்து" என்றாள் அவள். மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், அது கிரீஸ் படிந்த தரை என்பதையும் மறந்து. இதெல்லாம் நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மகள் கல்லூரிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவர் "என்னங்க", அவள் "ஏம்மா". ஆனால் மனதுக்குள் அவள் அவரை இன்றும் மெக்கானிக் என்றுதான் நினைப்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குள் முழுக்கை வந்தான். நாற்பது வயசு. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். மனிதர்கள் எழுதும் புரோகிராமை ப்ராசசருக்கான கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் என்ற சமாசாரத்தில் அவன் புலி. பட்டறை பேனலுக்குப் புதிய சர்க்யூட் போர்டு ஒன்றை வடிவமைக்கத் தொடங்கியபோது அவன்தான் கேள்வியைக் கிளப்பினான். உலகம் முழுக்க ஆயிரம் பேர் சேர்ந்து பராமரிக்கிற, எல்லாருக்கும் திறந்துவைத்த முப்பத்திரண்டு பிட் கட்டளைத் தொகுப்பு இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் கம்பைலர் முதல் எல்லாக் கருவியும் கேட்காமலே கைக்கு வரும். அக்காவுடைய பதினாறுக்குக் கம்பைலர் கிடையாது. அவள் ஒருத்திதான் கையால் எழுத வேண்டும்.

"போன வருஷம் உங்களுக்கு முதுகு வலி வந்து பத்து நாள் படுத்தீங்களே அக்கா," என்றான் தயங்கித் தயங்கி. "அப்ப ஒரு லிஃப்ட் பத்து நாளும் நின்னுச்சு. எங்க யாருக்கும் அதுல கை வைக்கத் தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மை அப்படித்தான் சுருக்கென்றிருக்கும்.

"அகலமா எழுதினா புரோகிராம் ரெண்டு மடங்காகும்ப்பா. நான் அளந்து பார்த்திருக்கேன். பதினாறுன்னா சரிபாதி."

"அப்ப ரெண்டையும் கலந்து வெச்சுக்கலாமா? அடிக்கடி வர்றது பதினாறு, எப்பவாவது வர்றது முப்பத்திரண்டு. நிறைய இடத்துல அப்படித்தான் பண்றாங்க."

"பண்ணலாம். போன்ல ஒண்ணு காதுல விழாமப் போச்சுன்னா? அதுக்கப்புறம் எந்தக் கட்டளைக்கு எது தலை, எது வால்னு யாரு சொல்றது?"

முழுக்கை ஜன்னலோரத் தொலைபேசியைப் பார்த்தான். "புது போர்டுலயும் போன்லதான் படிக்கப் போறோமா அக்கா?"

அவள் ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து மறுபடி சீவினாள்.

முதலாளி இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள சொல்லிடுங்க. சாயங்காலம் போர்டு படம் அச்சுக்குப் போகுது. போனதுக்கப்புறம் ரெண்டு பிட் கூட, ரெண்டு பிட் குறைச்சல்னு வந்து நின்னீங்கன்னா நான் சந்நியாசியாப் போயிடுவேன்."

"அதுக்கு மலை ஏறணும் சார். உங்களுக்கு முட்டி வலி," என்றாள் அவள்.

சிரித்தார்கள். ஆனால் ஒருமுறை முடிவு செய்தால் இருபது வருஷத்துக்கு அந்த முடிவுதான் என்பது மூவருக்கும் தெரியும். லிஃப்டுகள் மனிதர்களைவிடப் பொறுமையாக வயதாகிறவை.

இனி அவள் யாரிடமும் சொல்லாத காரணத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். நினைவகம், அளவு என்று அவள் பேசியதெல்லாம் வாய்க்கு வந்த நியாயம், மனதில் இருந்தது வேறு. புதிய போர்டில் பெரிய திரை. இருபது கட்டளையும் ஒன்றாகத் தெரியும். மெக்கானிக் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், முழுக்கையின் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் படித்து முடித்துவிடும். ஜன்னலோரத் தொலைபேசி அடிக்காது. வாரத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ காலை பதினோரு மணி வாக்கில் அடிக்கும் அந்த மணிதான் அவளுக்குப் போய்விடும்.

வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லையா என்றால், பேசிக்கொள்வார்கள். "கேஸ் புக் பண்ணியாச்சா", "சாவி எங்கே", "மழை வருது, துணி". அவர் எட்டு மாடி ஏறி இறங்கிய காலோடு வந்து நாற்காலியில் சாய்ந்தால் தூங்கிவிடுவார். அவள் கண் திரையிலிருந்து வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் போனில் அப்படி இல்லை. ஏழாவது கட்டளைக்கும் எட்டாவதுக்கும் நடுவில், "கீழ் வீட்டுக்காரர் பூனை மிஷின் ரூமுக்குள்ள வந்து படுத்திருக்கு, என்னைப் பார்த்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது" என்பார். பன்னிரண்டாவது முடிந்ததும், "காலையில நீ சரியாவே சாப்பிடல, என்னாச்சு?" என்று கேட்பார். நேரில் கேட்காத கேள்வி. அவளும் நேரில் சொல்லாத பதிலைச் சொல்வாள். "நீங்க ரெண்டு பேரும் லவ் பண்றதே ரிப்பேர்லதாம்மா" என்று மகள் ஒருமுறை கேலி செய்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, நிஜத்தைச் சொன்னால் வருகிற கோபம்.

ஆகப் பணயத்தில் இருந்தது அந்தப் பதினோரு மணிப் பேச்சு. அதை முதலாளியிடம் காரணமாகச் சொல்ல முடியுமா? நினைவகம் என்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கை ஒரு யோசனையோடு வந்தான். "அளந்தே பார்த்துடலாம் அக்கா. நீங்க எழுதின புரோகிராமை நான் பார்க்கல. லிஃப்ட் என்னென்ன செய்யணும்னு மட்டும் சாதாரணமா எழுதிக் குடுங்க. நான் என் வழியில எழுதறேன். உங்க பதினாறுக்கும் அவசரத்துக்கு ஒரு கம்பைலர் தட்டி வெச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துடலாம்."

நியாயமான யோசனை. நியாயத்துக்கு அவள் எதிரி இல்லை. உட்கார்ந்து எழுதினாள். மூன்று பக்கம் ஆனது. அவன் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான்.

"கதவு மூணு புள்ளி ரெண்டு விநாடி திறந்திருக்கணும்னு போட்டிருக்கீங்க. அதென்ன புள்ளி ரெண்டு? யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. கட்டளையில் எண் எழுத அவளுக்கு இருந்தது நாலு கட்டம், அதில் பதினைந்துக்கு மேல் எழுத முடியாது. ஆகவே அந்தக் காலத்தில் நேரத்தையே புள்ளி நாலு விநாடித் துண்டுகளாக வெட்டிவைத்தாள். எட்டுத் துண்டு என்றால் மூன்று புள்ளி இரண்டு. மூன்று விநாடி கேட்டவர்களுக்கும் மூன்றேகால் கேட்டவர்களுக்கும் மூன்று புள்ளி இரண்டுதான். ஊரில் அவள் லிஃப்டில் ஏறுகிற அத்தனை பேரும் பதினாறு பிட்டுக்குள் அடங்கிய நேரத்தில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அதிகபட்சம் ஆறு விநாடிதானா?" என்று கணக்குப் போட்டான் முழுக்கை. "எலும்பு ஆஸ்பத்திரியில பத்து விநாடி கேட்டாங்களே?"

"ஆறும் நாலும் சேர்த்துப் போட்டேன்."

"ஓ! அதான் அந்தக் கதவு..."

அதான். கட்டுப் போட்ட காலோடு ஊன்றுகோல் ஊன்றி வருகிறவர்களுக்காகப் பத்து விநாடி திறந்திருக்க வேண்டிய கதவு, ஆறாவது விநாடியில் ஒரு நடுக்கம் நடுங்கி, மூடப்போவது போலக் கொஞ்சம் வந்து, மனம் மாறித் திரும்பிப் போகும். முதல் ஆறு முடிந்து அடுத்த நாலு தொடங்கும் இடைவெளியில் மோட்டாருக்கு வரும் குழப்பம் அது. இந்தக் கதவின் குணமே அப்படி என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்கள் மட்டும் ஒரு நிமிஷம் பயந்து ஊன்றுகோலை இறுகப் பிடிப்பார்கள். முழுக்கை சிரித்திருந்தால் அவளும் திட்டிவிட்டுப் போயிருப்பாள். அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

வியாழன் காலை கணக்கு வந்தது. அவள் கையால் எழுதிய புரோகிராம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பைட். முழுக்கை எழுதியது முப்பத்திரண்டு பிட்டில் ஆறாயிரத்து முந்நூறு. அதையே பதினாறுக்கு மாற்றினால் நாலாயிரத்து எண்ணூறு. பாதி இல்லை, முக்கால். பெரிய எண் வருகிற இடத்திலெல்லாம் பதினாறு மூச்சுவாங்கி, ஒரு கட்டளைக்குப் பதில் மூன்று கட்டளை போட்டிருந்தது. அவள் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த சரிபாதி எங்கிருந்து வந்தது என்பது இப்போது பளிச்சென்று தெரிந்தது. தன்னுடைய பழைய புரோகிராம்களைத்தான் எப்போதும் அளந்து பார்த்தாள். பெரிய எண் வரவே கூடாது என்று தன்னையே பழக்கிக்கொண்ட ஒருத்தி எழுதியவை. தன் உடம்பை அளந்துவிட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைத்த தையற்காரி மாதிரி ஆகிவிட்டது. சிப் வேறு மாறிவிட்டது. புதியதன் நினைவகம் முப்பதாயிரம் பைட்டுக்கு மேல். ஆறாயிரம் அதில் ஒரு மூலைக்குக் காணாது.

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். எதிர்க் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வெள்ளிக்கிழமை மதியம் வரை காத்திருக்காமல், நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"முப்பத்திரண்டு. கலப்படம் வேண்டாம், எல்லாமே முப்பத்திரண்டு. இடம்தான் தாராளமா இருக்கே."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினார், காது சரியாகக் கேட்க அதுதான் வழி என்பது போல. "நீங்களா சொல்றீங்க?"

"என் அளவு தப்பு சார். நான்தானே சொல்லணும்."

முழுக்கைக்குச் சந்தோஷத்தைவிடச் சங்கடம் அதிகமாக இருந்தது. ஜெயித்தவன் மாதிரியே இல்லை. "பதினாறை யாரும் அழிக்கப் போறதில்லக்கா. அது இணையத்துல இருக்கும். நாத்தங்கால்காரர் இன்னும் அதைத்தான் ஓட்டறாரு" என்று ஆறுதல் சொன்னான். அவள் அவன் தோளில் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக் கதவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்றாள். மிஷினைப் பொறுத்தவரை அவளுக்கு உண்மையிலேயே பாரம் இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒற்றை ஆளாகத் தூக்கியதை இறக்கிவைத்த நிம்மதி. பாரம் வேறு இடத்தில் இருந்தது. அன்று பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்து, "எட்டு, ஃபிரண்டு, ரெண்டு, எதிர்வீடு" என்று குரல் வந்தபோது அவளால் உடனே "அடுத்து" சொல்ல முடியவில்லை.

"கேக்குதா?"

"கேக்குது. எழுதிக்கிட்டேன்."

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மெக்கானிக் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். துண்டு மட்டும்தான் அவருக்கு நேராக மடிக்க வரும்.

"முப்பத்திரண்டுன்னு சொல்லிட்டேன். இனிமே நீங்க நாலு நாலாப் படிக்க வேண்டாம். படம் எடுத்து அனுப்பினாப் போதும்."

வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் "அப்பாடா!" என்றார்.

அவள் கை நின்றது. "என்ன அப்பாடா?"

"ஒண்ணும் இல்ல."

"என்ன அப்பாடான்னு கேக்கறேன்."

அவர் ஒரு துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். "அந்தச் செவப்பு எழுத்து எனக்குத் தெரியறதே இல்லம்மா. ஆறு வருஷமாச்சு. கண்ணாடி மாத்தியும் எட்டா மூணான்னு தெரியல. பட்டனை அமுக்கி அமுக்கி செல்போன்ல வீடியோ எடுத்துக்குவேன். அங்கேயே ஓரமா உக்காந்து, அதைப் பெருசு பண்ணிப் பார்த்துத்தான் உனக்குப் படிப்பேன்."

அவளுக்குள் இருந்த பொறியாளர் பொங்கி எழுந்தாள். "வீடியோ இருந்துச்சா? அதை அனுப்பியிருந்தா நான் ரெண்டு நிமிஷத்துல பார்த்திருப்பேனே! இருபது நிமிஷம் லிஃப்ட் சும்மா நின்னிருக்கு! ஆறு வருஷமா! ஜனங்க படியேறியிருக்காங்க!"

"ஏறினாங்க."

"ஏன் அனுப்பல?"

மெக்கானிக் மடித்த துண்டை அடுக்கின்மேல் வைத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து நீவினார். அவளைப் பார்க்காமலேயே சொன்னார்: "அனுப்பிட்டா நீ போனை வெச்சிடுவியே."

கையில் இருந்த தலையணை உறையை அவள் அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள். இந்த ஆளின் போன் நின்றுவிடக் கூடாது என்று தான் பதினாறைக் கட்டிக்கொண்டு அழுதது, இந்த ஆள் கண் தெரியாமல் தனக்காக இலக்கம் இலக்கமாகக் கஷ்டப்பட்டது, நடுவில் பாவப்பட்ட ஜனங்கள் மூச்சிரைக்கப் படியேறியது, எல்லாம் சேர்ந்து அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

"நான் ஏன் பதினாறை விடாம இருந்தேன்னு நெனச்சீங்க?"

"மெமரின்னு சொன்னியே."

"நல்லா நம்புனீங்க, போங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆள் மெதுவாகத்தான் புரிந்துகொள்வார், ஆனால் புரிந்துகொண்டால் காதுவரை சிவந்துவிடும். சிவந்தது. அந்த நேரம் பார்த்து மகள் வந்து சார்ஜர் எங்கே என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தைக் காட்டினார்கள்.

"இனிமே என்னங்க பண்றது?" என்றாள் அவள், மகள் போன பிறகு.

"இனிமே என்ன, மிஷின் நல்லா ஓடும்" என்றார் அவர். அதற்குமேல் இருவருக்கும் அதைப் பேசத் தெரியவில்லை.

புதிய போர்டு வர இரண்டு மாதம் ஆனது. முதல் பேனலை எலும்பு ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள். அவளே நேரில் போய்க் கதவெதிரே நின்று எண்ணினாள். பத்து விநாடி, ஒரு சிலிர்ப்பு இல்லை. காலில் கட்டோடு வந்த அம்மாள் ஒருவர் அவசரமே இல்லாமல் உள்ளே போய், திரும்பி நின்று, கைப்பையைச் சரிசெய்துகொண்டு, அப்புறமும் கதவு திறந்தே இருப்பதைப் பார்த்து, "கெட்டுப்போச்சோ?" என்று இவளைக் கேட்டார். "இல்லம்மா, இப்பத்தான் சரியாச்சு" என்றாள் இவள்.

அடுத்தடுத்து ஆறு கட்டடங்களில் மாட்டினார்கள். பழைய பேனல்களிலிருந்தும் இப்போது வீடியோதான் வந்தது. மூன்று வாரம் தொலைபேசி அடிக்கவில்லை. அவள் வேலை செய்தாள், முழுக்கையிடம் கம்பைலர் கற்றுக்கொண்டாள், பெரிய பெரிய எண்ணாக எழுதிப் பார்த்து ஒரு குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். பதினோரு மணிக்கு மட்டும் ஒரு தடவை கை தானாகப் பென்சில் பக்கம் போய்வரும். வீட்டில் மெக்கானிக் வழக்கம்போல நாற்காலியில் தூங்கினார்.

நாலாவது வாரம் புதிய பேனல் மாட்டிய ஒரு லிஃப்ட் நின்றது. படம் வந்தது. முழுக்கையின் கருவி ஒரு நொடியில் படித்துவிட்டது. கதவு சென்சாரில் தூசி, துடைத்தால் போதும். பதிலை அனுப்பினாள். துடைத்தாயிற்று, ஓடுகிறது என்று நாலே நிமிஷத்தில் மறுபதில் வந்துவிட்டது. பழைய முறையில் என்றால் இந்நேரம் ஆறாவது கட்டளையில் இருந்திருப்பார்கள். நல்லதுதான், ஜனங்கள் படியேற வேண்டாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது.

எடுத்துக் கழுத்தில் இடுக்கிக்கொண்டாள். "படம் வந்துச்சே, சரியாயிடுச்சுன்னும் சொல்லிட்டீங்க. இன்னும் என்ன?"

"ஒண்ணும் இல்ல." அந்தப் பக்கம் மோட்டார் சீராக ஓடும் சத்தம் கேட்டது. மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். படிப்பதற்குக் கையில் எதுவும் இல்லாமல் அவர் அவளைக் கூப்பிடுவது இருபத்தியொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அந்தத் தடுமாற்றம் குரலில் அப்படியே தெரிந்தது. "இங்க மொட்டை மாடியில நிக்கறேன். நல்ல காத்து. காலையில நீ ஏதோ யோசனையாவே இருந்தே. அதான்."

அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேசி முடித்து வைக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எதிர் மேசையிலிருந்து முழுக்கை கவலையோடு எட்டிப் பார்த்தான்.

"இவ்ளோ நேரம் பேசினீங்களே, என்ன கோளாறு அக்கா?"

"கோளாறே இல்லப்பா" என்றாள் அவள்.